கூப்பிட்டது யார்?

ஒரு சர்வர் நள்ளிரவில் எழுதிவைத்த லாக் வரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தேதி, நேரம், 'எரர்' என்ற அடையாளம், கடைசியில் 'கணக்கில் போதிய தொகை இல்லை' என்றொரு வாசகம். இவற்றோடு ஒரு கோப்பின் பெயரும் 214 என்று வரி எண்ணும் சேர்ந்திருந்தால், காலையில் அதைப் படிக்கும் பொறியாளர் நேரே அந்த இடத்துக்குப் போய்விடுவார். இல்லையென்றால் அந்த வாசகத்தை நிரல் முழுக்கத் தேட வேண்டும். பெரிய நிரல்களில் அதே வாசகம் ஐந்தாறு இடங்களில் கிடக்கும். அவற்றுள் எது பேசியது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போய்விடும்.

கோப்பின் பெயர், வரி எண் என்ற அந்தச் சின்னத் துணுக்கை அச்சிட என்ன செலவாகும்? ஜாவா உலகில் பரவலாகப் புழங்கும் லாக்ஃபோர்ஜே நூலகத்தின் கையேடு இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறது. இடத்தையும் சேர்த்து எழுதச் சொன்னால், வழக்கமான முறையில் லாக் எழுதும் வேலை 1.3 முதல் 5 மடங்கு வரை மெதுவாகும். எழுதும் பொறுப்பைத் தனி த்ரெட்டிடம் ஒப்படைத்துவிடும் அசின்க் முறையில் 30 முதல் 100 மடங்கு வரை மெதுவாகும். அதனால்தான் அசின்க் முறையில் இடத்தைத் தேடும் வசதியை, நாம் கேட்டாலொழிய, அந்த நூலகம் அணைத்தே வைத்திருக்கிறது.

ஒரு பெயருக்கும் மூன்று இலக்க எண்ணுக்கும் ஏன் இவ்வளவு விலை? நிரலின் ஒரு பகுதி இன்னொரு பகுதியைக் கூப்பிடும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். அதைச் சொல்ல நான் ஆஸ்திரேலியாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. கணினி தன் உள்ளே நடப்பதை வெளியே சொல்ல வேண்டும் என்று பாடுபட்டவர்களின் கதையில் சிட்னியும் மெல்பர்னும் மீண்டும் மீண்டும் வருகின்றன.

*

1949 நவம்பரில், சிட்னி பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருந்த ரேடியோபிசிக்ஸ் ஆய்வகத்தில் ஓர் இயந்திரம் தன் முதல் நிரலை ஓட்டியது. ட்ரெவர் பியர்சியும் மாஸ்டன் பியர்டும் வடிவமைத்த அந்தக் கணினி பின்னாளில் சிசிராக் என்று பெயர் பெற்றது. சுமார் 2,000 வால்வுகள். 30 கிலோவாட் மின்சாரம். நினைவகம் என்பது பாதரசம் நிரப்பிய குழாய்கள். அவற்றுக்குள் ஒலி அலைகளாகச் சுற்றிக்கொண்டிருந்தன எண்கள். ஒரு சொல்லுக்கு 20 பிட் என்று 768 சொற்களை வைத்துக்கொள்ள முடிந்தது. இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 2 கிலோபைட். அதன் கடிகாரம் நொடிக்கு ஆயிரம் துடிப்பு என்ற அளவில் ஓடியது.

திரை கிடையாது. விளக்குகளும் சிறு காட்சிக் குழாய்களும் இருந்தன. ஆனால் நிரல் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதை அவற்றைப் பார்த்துப் பின்தொடர்வது கடினம். ஆகவே ஓர் ஒலிபெருக்கியை இணைத்தார்கள். நிரல் எழுதுபவர் தனக்கு வேண்டிய இடத்தில் அந்த ஒலிபெருக்கிக்கு மின்துடிப்புகளை அனுப்பும் கட்டளையைச் செருகிவிடுவார். நிரல் அந்த இடத்தை எட்டியதும் இயந்திரம் ஊதும். கணக்கு முடிந்ததும் இன்னொரு ஊதல். ஜெஃப் ஹில் என்ற நிரலாளர் அதே ஒலிபெருக்கியில் மெட்டுகளை வாசிக்க வைத்தார். கணினி வாசித்த மிகப் பழைய இசைகளுள் சிசிராக்கின் இசையும் ஒன்று என்று இன்று நினைக்கப்படுவது அதனால்தான். எனக்கோ அந்த இசையைவிட, கணக்கின் நடுவே வந்த ஊதல்தான் முக்கியமாகப் படுகிறது. 'இந்த இடம் வரை வந்துவிட்டேன்' என்று ஒரு நிரல் தன் வாயால் சொன்ன அந்த ஊதல், இன்றைய லாக் வரியின் மூத்த உறவு. அதில் இடத்தைத் தேட வேண்டிய தேவையே எழவில்லை. எந்த ஊதலை எங்கே வைத்தோம் என்பது எழுதியவருக்குத் தெரியும்.

நிரல்கள் வளர்ந்தபோதுதான் சிக்கல் வந்தது. வர்க்கமூலம் காணும் வேலை நிரலில் பத்து இடங்களில் தேவைப்படுகிறது என்றால், அதைப் பத்து முறை எழுத 768 சொற்களில் இடமில்லை. ஒரு முறை எழுதிவைத்து, தேவைப்படும் இடத்திலிருந்தெல்லாம் அதற்குத் தாவ வேண்டும். தாவுவது எளிது. சிசிராக்கில் எஸ் என்றொரு பதிவகம் இருந்தது. நிரலின் எந்தக் கட்டளை இப்போது நடக்கிறது என்ற எண் அதில் இருக்கும். அதில் வேறோர் எண்ணை எழுதினால் நிரல் அங்கே போய்விடும். வேலை முடிந்ததும் எங்கே திரும்புவது என்பதுதான் கேள்வி. அந்தப் பத்து இடங்களுள் கூப்பிட்டது எது?

அதே காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், எட்சாக் கணினியில் வேலை செய்துகொண்டிருந்த டேவிட் வீலர் இதற்கு அழகான வழி ஒன்றைக் கண்டார். கூப்பிடும் பகுதி, தாவுவதற்கு முன் தான் நிற்கும் இடத்தின் எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு போகும். கூப்பிடப்பட்ட பகுதி அந்த எண்ணை வைத்துத் திரும்பும் கட்டளை ஒன்றை உருவாக்கி, தன் கடைசி வரியாகப் பதித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் அந்த வரி நிரலை வந்த இடத்துக்கே அனுப்பிவிடும். வீலர் தாவல் என்று இதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. இங்கே கவனிக்க வேண்டியது, இடத்தைச் சொன்னது கூப்பிட்டவர்தான். கூப்பிடப்பட்டவர் எதையும் தேடவில்லை.

இன்றைய கணினிகளிலும் அடிப்படை இதேதான். ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும்போது, திரும்பி வர வேண்டிய முகவரி ஸ்டாக் எனப்படும் நினைவகப் பகுதியில் எழுதப்படுகிறது. அப்படியானால் கூப்பிட்டது யார் என்பது அங்கேயே இருக்கிறதே, படித்தால் போதாதா? போதாது. கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள். செருப்பைத் திரும்பக் கொடுக்க அந்த எண் போதும். செருப்புக்குரியவரின் பெயரோ ஊரோ அந்த டோக்கனில் இராது. ஸ்டாக்கில் இருக்கும் முகவரியும் அப்படித்தான். நிரலைத் திருப்பி அனுப்ப அது தாராளமாகப் போதும். அதை வைத்துக்கொண்டு கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் சொல்ல வேண்டுமென்றால், வேறொரு பேரேட்டைப் புரட்ட வேண்டும்.

*

சிசிராக் 1955-ல் சிட்னியிலிருந்து மெல்பர்னுக்கு லாரியேறியது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் 1964 நவம்பர் வரை உழைத்தது. முதல் தலைமுறை மின்னணுக் கணினிகளில் முழு உடலோடு எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது அது. மெல்பர்ன்வாசிகள் அதை நேரில் போய்ப் பார்க்கலாம்.

அடுத்த காட்சி மீண்டும் சிட்னியில், கென்சிங்டனில் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில். 1970-களின் நடுவில் அங்கே ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் இயங்குதளப் பாடம் நடத்தினார். அப்போதெல்லாம் மாணவர்களுக்கு இயங்குதளத்தின் கோட்பாடுகளைச் சொல்லித் தருவார்களே தவிர, உண்மையான ஒன்றின் நிரலை வரிவரியாகப் படிக்கவைக்கும் வழக்கம் இல்லை. லயன்ஸ் அதைச் செய்தார். யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கருநிரலை, ஏறத்தாழ 9,000 வரிகள், வரி எண்களோடு ஒரு நூலாக அச்சிட்டு, அதற்கு உரையாக இன்னொரு நூலும் எழுதினார். நம் மரபில் மூலநூலுக்கு உரைகாரர் செய்யும் வேலையேதான். 1979-ல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பறையில் பயன்படுத்துவதைத் தடுத்துவிட்டது. அதனாலேயே லயன்ஸின் உரை நகலெடுத்து நகலெடுத்து உலகமெங்கும் கைமாறியது. முறையான பதிப்பு 1996-ல்தான் வந்தது. 1998-ல் அவர் காலமானார்.

அந்த யுனிக்ஸ் ஓடியது பிடிபி-11 என்ற கணினியில். அதில் ஒரு சி ஃபங்ஷன் தொடங்கும்போது முதலில் சிஎஸ்வி என்ற சிறு துணுக்கு ஓடும். அது ஆர்5 என்ற பதிவகத்தை ஒழுங்குபடுத்தி வைக்கும். ஆர்5 சுட்டும் இடத்தில், கூப்பிட்டவருடைய பழைய ஆர்5 மதிப்பு இருக்கும். அதற்கு இரண்டு பைட் தள்ளி, திரும்ப வேண்டிய முகவரி இருக்கும். உதாரணமாக ஆர்5-ல் இப்போது 1000 என்று வைத்துக்கொள்வோம். 1002-ஆம் இடத்தைப் படித்தால் நம்மைக் கூப்பிட்ட இடம் தெரியும். 1000-ஆம் இடத்தைப் படித்தால், 1040 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். உடனே 1042-க்குப் போங்கள். நம்மைக் கூப்பிட்டவரை யார் கூப்பிட்டார் என்பது அங்கே இருக்கும். இப்படி ஒரு ஃபங்ஷனுக்கு இரண்டு முறை நினைவகத்தைப் படித்து, தொடக்கம் வரை ஏறிவிடலாம். பிற்காலத்தில் ஃப்ரேம் பாயின்டர் என்று எல்லோரும் சொல்லப்போகும் சங்கிலி இதுதான்.

புரிந்துகொள்ளக் கடினமான பகுதி ஒன்று அந்த நிரலில் உண்டு. ஒரு வேலையை நிறுத்தி இன்னொன்றை ஓடவிடும் ஃபங்ஷன், தன்னைக் கூப்பிடாத வேறோர் இடத்துக்குத் திரும்பும். ஸ்டாக்கையே நடுவில் மாற்றிவிடுவதால் இது நடக்கிறது. இந்த இடம் படிப்பவருக்குப் புரிந்தாக வேண்டியதில்லை என்று யுனிக்ஸை எழுதியவர்களே பக்கத்தில் குறித்துவைத்தார்கள். கணினித் துறையில் அந்தக் குறிப்பு பெரும்புகழ் பெற்றது. ஆனால் லயன்ஸ் அதையும் விளக்கத்தான் முயன்றார். ஸ்டாக்கில் இருப்பது நம்பகமான வரலாறு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது வரலாறே அல்ல. இனி எங்கே திரும்புவது என்ற திட்டம் மட்டுமே. பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடங்களில்தான், கூப்பிட்டது யார் என்று தேடும் நிரல்கள் தடுமாறுகின்றன.

*

இப்போது ஜாவாவுக்கு வருவோம். ஒரு ஃபங்ஷன் 'லாக் எழுது' என்று நூலகத்தைக் கூப்பிடுகிறது. எந்த வரியிலிருந்து கூப்பிட்டாய் என்று நூலகம் அறிய வேண்டும். ஜாவாவில் பல காலம் இதற்கிருந்த வழி விசித்திரமானது. பிழை எதுவும் நடக்காதபோதே, பிழை நடந்தால் உருவாக்கும் எக்ஸெப்ஷன் பொருளைப் போல ஒன்றை உருவாக்க வேண்டும். உருவாகும்போதே அது ஸ்டாக் முழுவதையும் நடந்து பதிவுசெய்துகொள்ளும். ஒரு வலைப்பயன்பாட்டில் வேண்டுகோள் ஒன்று உள்ளே வந்து, சட்டகங்களையும் வடிகட்டிகளையும் கடந்து நம் நிரலை அடைவதற்குள் ஸ்டாக்கில் நூறு அடுக்குகள் சேர்வது சாதாரணம். நமக்குத் தேவை அவற்றுள் ஒன்றே ஒன்று.

நடப்பது ஒரு செலவு. பெயராக்குவது இன்னொரு செலவு. பல நேரங்களில் அதுவே பெரிது. ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா நிரலை உள்ளிருக்கும் கம்பைலர் இயந்திர மொழியாக மாற்றிக்கொண்டே இருக்கும். சிறு ஃபங்ஷன்களை அது தனியே கூப்பிடாமல், கூப்பிடும் ஃபங்ஷனுக்குள்ளேயே கரைத்துவிடும். அப்போது அந்தக் கூப்பிடுதலுக்கு ஸ்டாக்கில் முகவரியே இராது. கோப்புப்படி மூன்று ஃபங்ஷன்கள். ஸ்டாக்கில் ஒரே ஓர் அடுக்கு. கரைந்துபோனவற்றை மீட்க, கம்பைலர் பக்கத்தில் எழுதிவைத்த அட்டவணைகளைப் பிரித்துப் படிக்க வேண்டும். பிறகு வகுப்பின் (கிளாஸ்) பெயர், ஃபங்ஷனின் பெயர், கோப்பின் பெயர் என்று ஒவ்வோர் அடுக்குக்கும் புதிதாகப் பொருள்கள் உருவாக வேண்டும்.

இதோடு முடியவில்லை. நூலகத்தின் சொந்த ஃபங்ஷன்களும் ஸ்டாக்கில் நிற்கும். அவற்றைத் தாண்டி, நூலகத்துக்கு வெளியே இருக்கும் முதல் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்காக லாக்ஃபோர்ஜே தன் வகுப்பின் முழுப்பெயரைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடுக்கின் பெயரோடும் ஒப்பிட்டுக்கொண்டே போகும். பல நிறுவனங்களில் லாக் நூலகத்துக்கு மேல் தங்களுடைய சொந்த உறை ஒன்றைப் போட்டு வைத்திருப்பார்கள். அங்கே விளைவு பரிதாபமானது. செலவு முழுவதையும் செய்து முடித்து, நூலகம் எல்லா வரியிலும் அந்த உறையின் கோப்பையும் அதே வரி எண்ணையும் எழுதிவைக்கும். இத்தகைய லாக் கோப்புகளை நிறையப் பார்க்கலாம். வேகத்தையும் இழந்து, தகவலையும் இழப்பது இதுதான். பைத்தான் 3.8-ல் இதற்கென்றே, எத்தனை அடுக்கு தள்ளிப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஒரு வசதியைச் சேர்த்தார்கள்.

அசின்க் முறையில் 100 மடங்கு என்ற எண் எங்கிருந்து வருகிறது? அந்த முறையில் நம் ஃபங்ஷன் செய்வது, செய்தியை ஒரு வரிசையில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவது மட்டும். அதற்கு ஆகும் நேரம் மிகச் சொற்பம். எழுதும் வேலையைப் பின்னணியில் வேறொரு த்ரெட் செய்யும். ஆனால் அந்த த்ரெட்டின் ஸ்டாக்கில் நம் ஃபங்ஷன் கிடையாது. நாம் யார் என்று அதனால் அறியவே முடியாது. ஆகவே இடத்தைத் தேடும் வேலையை மட்டும் பின்னுக்குத் தள்ள வழியில்லை. வரிசையில் போடுவதற்கு முன், நம் சொந்த நேரத்தில் செய்தாக வேண்டும். வேலை கொஞ்சமாக இருந்த இடத்தில் இவ்வளவு பெரிய வேலை வந்து சேர்வதால் மடங்குக் கணக்கு மலைபோல் தெரிகிறது.

2017-ல் வந்த ஜாவா 9 ஓரளவு ஆறுதல் தந்தது. அதில் சேர்ந்த ஸ்டாக்வாக்கர் என்ற வசதி, ஸ்டாக்கை முழுதும் நடக்காமல் தேவையான அடுக்கு கிடைத்ததும் நின்றுவிடும். செலவு குறைந்தது, தீரவில்லை.

*

கோ மொழியின் கதை இதில் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவரான ராப் பைக் பிற்காலத்தில் சிட்னியில் குடியேறியவர். கோ மொழி எதைச் சரியாகச் செய்தது, எதைத் தவறவிட்டது என்று 2023 நவம்பரில் சிட்னி கோபர்கான் மாநாட்டில் அவர் ஆற்றிய உரையைத் தேடிப் பார்க்கலாம். கோ மொழியின் பழைய லாக் தொகுப்பில், கூப்பிட்டவரின் இடத்தைத் தேடத் தொடங்குமுன், பலர் ஒரே நேரத்தில் எழுதிவிடாமல் காக்கும் பூட்டைத் திறந்துவிடும் வரி ஒன்று நெடுங்காலம் இருந்தது. இந்தத் தேடல் செலவு பிடித்தது, இது முடியும்வரை மற்றவர்களைக் காக்கவைக்கக் கூடாது என்பது அதற்குக் காரணம்.

2023 ஆகஸ்டில் வந்த கோ 1.21-ல் எஸ்லாக் என்ற புதிய தொகுப்பு சேர்ந்தது. அதில் வேலையை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். முதலில், இந்த நிலையிலான செய்தியை எழுத வேண்டுமா என்று பார்க்கும். வேண்டாமென்றால் அத்தோடு சரி. வேண்டுமென்றால் கூப்பிட்ட இடத்தின் முகவரியை, வெறும் எண்ணாக மட்டும் எடுத்துச் செய்தியோடு சேர்த்துவைக்கும். அந்த எண்ணைக் கோப்பாகவும் வரியாகவும் மாற்றுவது கடைசியில், கேட்டால் மட்டும். டோக்கனை இப்போது வாங்கிக்கொள், பேரேட்டைப் பிறகு புரட்டலாம். எண்ணை எந்த த்ரெட்டிலும் பெயராக்கலாம் என்பதால், பாரமான பாதி நம் நேரத்திலிருந்து கழன்றுவிடுகிறது.

ஆனால் இதைவிட மலிவான வழி எப்போதும் இருந்தது. சி மொழியில், கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் குறிக்கும் இரண்டு சொற்கள் உண்டு. கம்பைலர் அந்தச் சொற்களைக் காணும்போதே அவற்றின் இடத்தில் உண்மையான பெயரையும் எண்ணையும் போட்டுவிடும். நிரல் ஓடும்போது தேடல் எதுவுமில்லை. ஸ்டாக் பக்கம் திரும்பவே வேண்டாம். மைக்ரோசாஃப்டின் சி ஷார்ப் 2012-ல் இதையே இன்னும் நயமாகச் செய்தது: கூப்பிடப்படும் ஃபங்ஷன் 'என்னை யார் கூப்பிட்டாலும் உங்கள் வரி எண்ணைத் தாருங்கள்' என்று ஓர் அளபுருவை அறிவித்தால், கூப்பிடும் ஒவ்வோர் இடத்திலும் கம்பைலரே அதை நிரப்பிவிடும். 2020-ல் ரஸ்ட் 1.46 இதற்கு வழி செய்தது. அதே ஆண்டின் சி++ தரநிலையும் செய்தது. ஜாவாவுக்கும் இப்போது, கம்பைல் ஆன நிரலில் லாக் எழுதும் இடங்களையெல்லாம் தேடி இட விவரத்தைச் செருகிவிடும் கருவியை லாக்ஃபோர்ஜே குழு உருவாக்கியிருக்கிறது. வீலர் செய்ததும் இதுதானே. தான் எங்கே நிற்கிறோம் என்பது கூப்பிடுபவருக்குச் செலவில்லாமல் தெரியும். அதைச் சொல்லாமல் போய்விட்டு, கூப்பிடப்பட்டவரைத் தோண்டவைப்பதுதான் இவ்வளவு வீணுக்கும் வேர் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு ஓர் எளிய மாற்று, ஒவ்வொரு வகுப்பும், லாக் எழுதித்தரும் லாக்கர் என்ற பொருளை முதன்முறை வாங்கும்போதே தன் பெயரைச் சொல்லிவிடுவது. அந்தப் பெயர் ஒரு முறை பதிந்தால் போதும், வரிதோறும் தேட வேண்டாம். சிட்னியில் 2002-ல் தொடங்கிய அட்லாசியன் நிறுவனத்தின் ஜிரா மென்பொருள் எழுதும் லாக்கைப் பார்த்தால், அடைப்புக்குறிக்குள் வகுப்பின் பெயர் சுருக்கமாக வந்திருக்கும். வரி எண் இராது. வாசகங்களைத் தனித்தன்மையோடு எழுதும் பழக்கம் குழுவுக்கு இருந்தால், பெரும்பாலான வேலைகளுக்கு இதுவே போதும்.

பைத்தானில் கம்பைலரின் இந்த உதவி கிடைக்காது. அதன் லாக் தொகுப்பு ஒவ்வொரு முறையும் ஸ்டாக் அடுக்கைக் கேட்டு வாங்குகிறது. 2022-ல் வந்த பைத்தான் 3.11 வேகம் பெற்றதற்கு ஒரு காரணம், ஸ்டாக் அடுக்குகளுக்கான பொருள்களை யாராவது கேட்கும்வரை உருவாக்காமல் விட்டதுதான். லாக் தொகுப்போ ஒவ்வொரு வரிக்கும் கேட்கிறது. சேமித்ததை அங்கே செலவழிக்கிறோம். வேண்டாமென்றால் அந்தத் தேடலை அணைக்கும் வழியையும் பைத்தான் கையேடு சொல்லித்தருகிறது. மிகுந்த சுமையில் ஓடும் சேவைகளில், சாதாரணத் தகவல் வரிகளுக்கு அதை அணைத்துவிடுவதே முறை.

*

கூப்பிடுபவரே பேர் சொல்லிவிட்டால் லாக்கின் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் அப்படித் தீர்க்க முடியாத இன்னொரு சந்தர்ப்பம் உண்டு. சர்வர் திணறுகிறது, எந்த ஃபங்ஷன் நேரத்தைத் தின்கிறது? நொடிக்குப் பல முறை நிரலை நடுவில் நிறுத்தி, இப்போது எங்கே இருக்கிறாய், உன்னைக் கூப்பிட்டது யார், அவரைக் கூப்பிட்டது யார் என்று கேட்க வேண்டும். கேள்வி வெளியிலிருந்து, எதிர்பாராத கணத்தில் வருகிறது. முன்கூட்டிச் சொல்லிவைக்க ஆளில்லை. இங்கே ஸ்டாக்கை நடந்துதான் ஆக வேண்டும்.

அளப்பதில் மெல்பர்னுக்கு ஒரு தனி மரபு உண்டு. யுனிக்ஸ் கணினிகளின் வேகத்தை ஒப்பிட இன்றும் ஓட்டப்படும் யுனிக்ஸ்பெஞ்ச், 1983-ல் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் வேர்விட்டது. ஆனால் ஸ்டாக் விஷயத்தில் முன்னால் நிற்பவர் நியூ சவுத் வேல்ஸின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் படித்து, சிட்னியில் தொழில் தொடங்கி, அமெரிக்கா போன பிரெண்டன் கிரெக். ஒரு டேட்டாபேஸ் திணறலை ஆராயும்போது, ஆயிரக்கணக்கான ஸ்டாக் பதிவுகளைக் கண்ணால் படிக்க முடியாமல் 2011-ல் அவர் உருவாக்கியதுதான் ஃப்ளேம் கிராஃப். ஒவ்வொரு ஃபங்ஷனும் ஒரு பட்டை. தன்னைக் கூப்பிட்டவரின் மேல் அமர்ந்திருக்கும். எவ்வளவு அகலமோ அவ்வளவு நேரம். இன்று உலகமெங்கும் வேகம் பார்ப்பவர்களின் அன்றாடப் படம் அது.

அந்தப் படத்துக்கு அடிப்படை, பிடிபி-11-ல் நாம் பார்த்த சங்கிலி. இன்டெலின் பழைய 32-பிட் சில்லுகளில் பொதுப் பதிவகங்கள் எட்டே எட்டு. ஒன்று ஸ்டாக்குக்குப் போய்விடும். இன்னொன்றைச் சங்கிலிக்குக் கொடுத்தால் மிஞ்சுவது ஆறு. ஒரு பதிவகம்கூடக் கிடைத்தால் வேகம் கூடும் என்று கம்பைலர்கள் சங்கிலியைக் கைவிட்டன. 64-பிட் சில்லில் பதிவகங்கள் பதினாறு ஆயின. நெருக்கடி தணிந்த பிறகும் பழக்கம் தொடர்ந்தது. விளைவாக, கிரெக் நெட்ஃபிளிக்ஸில் வேலை செய்தபோது ஜாவா ஸ்டாக்குகள் பாதியில் அறுந்து நின்றன. ஜாவா கம்பைலரில் சங்கிலியை மீட்கும் மாற்றத்துக்கு அவர் ஒரு முன்மாதிரி எழுதினார். 2015-ல் அது ஜாவா 8-ன் ஒரு திருத்தப் பதிப்பில் தேர்வாக இடம்பெற்றது.

சங்கிலி இல்லாமலும் நடக்கலாம். கம்பைலர் எழுதிவைக்கும் டுவார்ஃப் அட்டவணைகளைப் படித்துப் படித்து ஏறலாம். ஆனால் லினக்ஸின் பெர்ஃப் கருவி அப்படிச் செய்யும்போது, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஸ்டாக்கிலிருந்து இயல்பாக 8 கிலோபைட்டை அப்படியே நகலெடுத்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து பிரிக்கிறது. சங்கிலி இருந்தால் ஓர் அடுக்குக்கு இரண்டு படிப்புதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஃபெடோரா லினக்ஸில் எல்லா மென்பொருள்களையும் சங்கிலியோடு கம்பைல் செய்யலாம் என்ற யோசனை வந்தபோது கடும் வாக்குவாதம் மூண்டது. எல்லோருடைய வேகத்தையும் சிலருடைய வசதிக்காகக் குறைப்பதா என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. அளந்து பார்த்தார்கள். லினக்ஸ் கர்னலை ஜிசிசி கம்பைலர் கொண்டு கம்பைல் செய்வது 2.4 சதவீதம் மெதுவானது. பிளெண்டரில் ஒரு படத்தை வரைவது 2 சதவீதம். பைத்தான் சோதனைகள் சிலவற்றில் 10 சதவீதம் வரை போனது. முதலில் நிராகரிக்கப்பட்ட யோசனை 2023 ஜனவரியில் ஏற்கப்பட்டு, அந்த ஏப்ரலில் வந்த ஃபெடோரா 38-ல் நடைமுறையானது. அடுத்த ஆண்டு உபுண்டு 24.04 அதே வழியில் வந்தது.

அந்த முடிவு சரியானதே என்பேன். இரண்டு சதவீதத்தை எல்லோரும் கொடுக்கிறோம் என்பது உண்மை. பதிலுக்கு, எந்தக் கணினியையும் எந்த நேரத்திலும் கேட்டு விடை வாங்க முடிகிறது. அப்படிக் கண்டுபிடித்த ஓட்டைகளை அடைத்துத்தான் பத்து, இருபது சதவீதம் என்று வேகத்தை மீட்கிறார்கள்.

இந்த இரண்டு சதவீதத்தையும் மிச்சம் பிடிக்க ஒரு முயற்சி நடந்துகொண்டிருக்கிறது. 2023 ஜனவரியில் வந்த குனு பின்யூட்டில்ஸ் கருவித்தொகுப்பின் 2.40 பதிப்பில் எஸ்ஃப்ரேம் என்ற அட்டவணை வடிவம் அறிமுகமானது. டுவார்ஃப் போல எல்லாவற்றையும் சொல்லப் பார்க்காமல், திரும்பும் முகவரி எங்கே இருக்கிறது, முந்தைய அடுக்கு எங்கே தொடங்குகிறது என்ற விவரங்களை மட்டும் அது சுருக்கமாக வைத்திருக்கிறது. ஓடும் நிரலில் பதிவகம் எதையும் அது கேட்பதில்லை. பயனர் நிரல்களின் ஸ்டாக்கை அதைக் கொண்டு லினக்ஸ் கர்னலே நடந்துவிடும்படி செய்யும் வேலையில் பொறியாளர்கள் இறங்கியிருக்கிறார்கள்.